பாறை ஏறுவதும் படம் அசைவதும்

பேச்சிப்பாறை அணையை விட்டுப் புறப்படும் கோதையாறு, ரப்பர்த் தோட்டங்களின் நிழலிலும் தென்னந்தோப்புகளின் ஓரத்திலுமாகச் சில மைல் தூரம் நடந்து வந்து, திற்பரப்பு மகாதேவர் கோவிலின் அருகே சுமார் ஐம்பது அடி உயரத்திலிருந்து அகன்ற பாறையின்மேல் அருவியாக விழுகின்றது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குத் தலையை நீட்டி நிற்பவர்களுக்கு வேறு சிந்தனை தோன்றாதென்பது நியாயமே. ஆனால் குளித்து முடித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்து, விழும் நீரில் ஏதேனும் ஒரு புள்ளியின்மேல் பார்வையை நிறுத்தி, ஒரு நிமிஷ காலம் கண்ணை அங்குமிங்கும் ஓடவிடாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு அருவிக்குப் பக்கத்திலுள்ள ஈரப்பாறையை ஒருவர் நோக்குவாராயின், அவருக்கு ஒரு விசித்திரக் காட்சி கிடைக்கும். பாறை மெல்ல மேலே ஏறும். யுகயுகமாக அசையாதிருக்கும் கருங்கல், நீர் விழுந்த திசைக்கு எதிராக வானத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். கூர்ந்து பார்த்தாலோ, அது தன் இடத்தை விட்டு ஒரு விரற்கடையும் நகர்ந்திராது. ஏறுகிறது, எங்கும் போகவில்லை. சில விநாடிகளில் மயக்கம் தெளிந்து, பாறை பழைய பாறையாகிவிடும்.

இதைக் கண்டு கண் மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. ஓடும் ஆற்றை நெடுநேரம் பார்த்தபின் நிலையான பொருள்களும் ஓடுவதாகத் தோன்றுமென்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரிக்கு அருகிலுள்ள ஃபாயர்ஸ் அருவியில் இதே காட்சியைக் கண்டு விவரித்தார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'அருவி மயக்கம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இம்மயக்கத்துக்குக் காரணம் என்ன? கோவில் கொடை நாளில் இளைஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து கயிறு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் சம பலத்தோடு இழுக்கும்வரை கயிறு அசையாமல் நிற்கிறது. நிற்கிறதென்றால் யாரும் இழுக்கவில்லை என்பது பொருளன்று. நம் பார்வைப் புலனிலும், கீழ்நோக்கிய சலனத்துக்கென்று சில நரம்பணுக்களும் மேல்நோக்கிய சலனத்துக்கென்று சில நரம்பணுக்களும் இருந்து, ஒன்றும் அசையாத வேளையிலும் இரண்டும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருக்கின்றன. அவ்விரு குரலும் சமமாக இருக்கையில், 'அசைவில்லை' என்று மூளை தீர்மானிக்கிறது. ஒரு நிமிஷ காலம் அருவியைப் பார்த்துக் கீழ்நோக்கிய கட்சியைச் சலிக்கச் சலிக்க வேலை வாங்கிவிட்டால், அது களைத்துப் போய்ப் பிடியைத் தளர்த்துகிறது. அப்போது பாறையைப் பார்த்தால், களைக்காத மேல்நோக்குக் கட்சியின் குரலே ஓங்கி நிற்க, கயிறு அந்தப் பக்கம் நகர்கிறது. இது வெறும் ஊகமன்று. 1963-இல் ஹொரேஸ் பார்லோவும் ஹில் என்பவரும் முயலின் விழித்திரையில் ஒரே திசை அசைவுக்கு மட்டும் பதிலளிக்கும் அணுக்களின் மின்துடிப்பை அளந்து, அந்த அசைவை நெடுநேரம் காட்டி நிறுத்தியதும், துடிப்பு அதன் சாதாரண அளவுக்கும் கீழே தாழ்ந்துவிடுவதைக் கண்டார்கள். நம் மயக்கம் மட்டும் முழுக்கக் கண்ணில் பிறப்பதன்று. இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் மட்டும் அருவியை நோக்கியிருந்துவிட்டு, பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாறையைப் பாருங்கள். சற்று மங்கலாகவேனும் பாறை ஏறத்தான் செய்யும். அருவியைப் பாராத கண்ணுக்குக் களைப்பு எப்படி வந்தது? இரு கண்ணின் செய்தியும் ஒன்றுசேரும் இடம் மூளையே ஆதலால், களைப்பின் ஒரு பங்கேனும் அங்கே இருக்க வேண்டும்.

அசைவை அறிவதற்கென்று மூளையில் தனித்த பகுதி உண்டென்பதை வேறொரு துயரமான உதாரணம் இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. மூளையின் பின்புறத்தில் இருமருங்கும் பழுதுபட்ட ஒரு ஜெர்மானிய மாதைப் பற்றி, 1983-இல் ஜோசப் ஜில் என்பவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டார்கள். அம்மாதுக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் பனிக்கட்டிபோல் உறைந்து நிற்பதாகக் காண்பார். கோப்பையில் மட்டம் உயர்வது புலப்படாமையால் எப்போது நிறுத்துவதென்று அறியார். எட்டத்தில் நின்ற வண்டி திடீரென்று பக்கத்தில் நிற்கும். இடையில் வந்த வழி அவருக்கு இல்லை. நிறத்தையும் வடிவத்தையும் போலச் சலனமும் தனியொரு புலனறிவு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமோ?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அசைவதை 'அனங்குவது' என்பார்கள். மலையாளத்தோடு பங்கு வைத்துக்கொண்ட சொல். 'அனங்காம இரி' என்று ஒருமுறையாவது அதட்டப்படாத குழந்தை கல்குளம் விளவங்கோடு தாலுகாக்களில் இல்லை. அசைவுக்கு 'அனக்கம்' என்று பெயர். திரைப்படத்தை ஒரு காலத்தில் 'சலனப்படம்' என்று எழுதினார்கள். இன்று வலைப்பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் சிறு படங்களை 'அசைபடம்' என்கிறார்கள். நான் அருவியில் தொடங்கியது அந்த அசைபடங்களைப் பற்றிப் பேசத்தான்.

பேச்சிப்பாறைக்குச் சற்றுக் கீழே என் தங்கை குடும்பத்துக்குச் சிறியதொரு நர்சரி உண்டு. ஒட்டு ரப்பர்க் கன்றும், ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிறார்கள். அதற்கென மருமகன் தானே ஒரு வலைப்பக்கம் அமைத்து, சென்ற விடுமுறையில் என்னிடம் பெருமையோடு காட்டினான். தலைப்பில் ஓர் அருவி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் குத்துவிளக்கின் சுடர் ஆடிற்று. வலப்பக்கம் பட்டாம்பூச்சி ஒன்று சிறகடித்து எங்கும் போகாதிருந்தது. தொலைபேசி ஒன்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாறு இடங்களில் 'புதியது' என்னும் சிவப்புச் சொல் மின்னி மின்னி மறைந்தது. அடியில் விலைப்பட்டியல் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் போல் ஓடியது. மங்குஸ்தான் கன்று என்ன விலை என்று பார்க்க முயன்று மூன்று முறை வரியைத் தவறவிட்டேன். "ஏன்டே இத்தனை அனக்கம்?" என்று கேட்டதற்கு, "மாமா, எல்லாம் அனங்காம கெடந்தா ஆளு பாத்துட்டுப் போயிருவாங்க, அனங்கினாத்தான் கண்ணு நிக்கும்" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் அவன் பக்கத்தைக் கெடுத்தது.

அசைபடத்தில் அசைவு எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கொடைக்குக் கோவில் வாசலில் சரமாகக் கட்டும் மின்விளக்குகளில் ஒளி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுவதைப் பார்க்கிறோம். எந்த விளக்கும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. ஒன்று அணைய அடுத்தது எரிகிறது, அவ்வளவே. 1910-இல் ரயிலில் பயணம் போய்க்கொண்டிருந்த மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியலாளர், இப்படிப்பட்டதொரு யோசனை உதித்ததும் ஃபிராங்பர்ட்டில் இறங்கி, படங்களைச் சுழற்றி அசைவு காட்டும் விளையாட்டுச் சாமான் ஒன்றை வாங்கினார் என்று சொல்வார்கள். 1912-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இது: இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகையில், இடைவேளை அதிகமானால் இரண்டு தனிக் கோடுகள் தெரிகின்றன, மிகக் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே தெரிகின்றன, இரண்டுக்கும் நடுவே, ஒரு விநாடியின் பதினாறில் ஒரு பங்கை ஒட்டிய ஓர் அளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே பாய்வதாகத் தெரிகிறது. கண்ணில் பழைய பிம்பம் சற்றே தங்கியிருப்பதால்தான் படம் ஓடுகிறதென்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. தங்கியிருந்தால் இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பியிருக்குமே தவிர, பாய்ச்சல் எப்படி உண்டாகும்? இல்லாத வழியை மூளை தானே இட்டு நிரப்புகிறது. அப்படி நிரப்புகையில் எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோடு அது ஜோடி சேர்க்கிறது என்பதற்குரிய விதிகளை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற நம் வி.எஸ். ராமச்சந்திரனும் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸும் எண்பதுகளில் அழகாக ஆராய்ந்தார்கள். ஆகவே மருமகனின் பக்கத்தில் இருந்தவை அசையாத படங்களின் அடுக்குகளே. அசைவு பார்ப்பவர் தலைக்குள் உற்பத்தியானது.

இந்த அடுக்குகளைச் சுமந்து வரும் கோப்புக்கு 'ஜிஃப்' என்று பெயர். அமெரிக்காவில் கம்ப்யூசெர்வ் என்னும் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் என்பவரின் குழு 1987-இல் இதை வெளியிட்டது. மெதுவான தொலைபேசிக் கம்பி வழியே வண்ணப் படங்களை அனுப்ப வேண்டியிருந்த காலம் அது. அதனால் ஒரு படத்துக்கு 256 வண்ணங்களுக்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்டி, மிஞ்சியதையும் சுருக்கி எழுத வழி செய்தார்கள். சுருக்கும் உபாயம் லெம்பல், ஜிவ், வெல்ச் என்ற மூவருடையது. நமக்கு அது புதிதன்று. பழைய பத்திரங்களிலும் கடைக் கணக்குகளிலும் ஒருவர் பெயரையும் ஊரையும் வரிதோறும் முழுதாக எழுதாமல், ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு 'ஷை' என்றோ 'மேற்படி' என்றோ முடித்துவிடுவார்கள் அல்லவா? படத்திலும், நீல வானத்தின் ஒரு துண்டை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால், அடுத்தடுத்து அதே நீலம் வருமிடங்களிலெல்லாம் ஒரு சிறு குறி போதும். ஒரே வண்ணத்தில் பூசப்பட்ட சித்திரங்களும் எழுத்துகளும் இவ்வகையில் மிகச் சிறியனவாகச் சுருங்கும். ஆனால் அருவியில் எந்தத் துளியும் அதற்கு முந்திய துளியைப் போன்றதன்று; நுரையின் ஒரு துண்டு மறுமுறை வருவதில்லை; 'ஷை' எழுத இடமே கிடைக்காது. உலகத்திலுள்ள பொருள்களிலெல்லாம் ஜிஃப் கோப்புக்கு மிகப் பொருந்தாத ஒன்றைத் தேடினால், திற்பரப்பு அருவியைத்தான் முன்வரிசையில் நிறுத்த வேண்டியிருக்கும். மலையடிவாரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை இலை அசைவில் வந்து போகும் இடத்தில் இருந்துகொண்டு, மருமகன் அந்த அருவியை வைத்திருந்தான். இன்றைய காணொளிக் கோப்புகளில் 'இந்தத் துண்டு முன்படத்திலிருந்து இத்தனை தூரம் நகர்ந்தது' என்று மட்டும் குறிக்கும் சாமர்த்தியம் இருப்பதால், அதே காட்சி அவற்றில் வெகுவாகச் சுருங்கும். ஜிஃபுக்கு அந்த வித்தை தெரியாது.

இன்னொரு சிறு செய்தி. ஒவ்வொரு படமும் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதை விநாடியின் நூற்றிலொரு பங்குக் கணக்கில் ஜிஃப் கோப்பில் எழுதலாம். அடுக்கு முழுவதும் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் என்னும் உலாவியைச் செய்தவர்கள் சேர்த்தது அது. அந்த இடத்தில் மூன்று என்று எழுதினால் மூன்று முறை ஓடும். சுழியம் என்று எழுதினால் ஒருமுறையும் ஓடாதென்று நினைப்பீர்கள், அது முடிவே இல்லாமல் ஓடும். உலகெங்கும் வலைப்பக்கங்களில் கணக்கற்ற பூமி உருண்டைகளும் நீர்க்குமிழிகளும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு, யாரோ ஒருவர் எண்ணிப் பாராமல் இட்ட ஒரு பூஜ்யமே காரணம்.

இனி மருமகன் சொன்ன பாதி உண்மைக்கு வருவோம். கையை நேரே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால், அந்த நகத்தின் அகலமளவே நம் பார்வையில் கூர்மையான பகுதி. எஞ்சிய பரப்பெல்லாம் மங்கலே. எல்லாம் தெளிவாய்த் தெரிவதாக நாம் எண்ணுவது, கண் இடைவிடாது தாவித் தாவிப் பார்ப்பதால் உண்டாகும் பிரமை. படிக்கையில் கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. ஒரு சொல்லில் கால் விநாடியளவு தங்கி, அடுத்த சொல்லுக்குத் தாவுகிறது. எதிரே ஒருவரை உட்கார்த்திப் படிக்கச் சொல்லி அவர் விழியைக் கவனித்தால் இதை நேரில் காணலாம். உங்கள் தாவலை நீங்களே காண முடியாது என்பது இன்னும் விந்தை: கண்ணாடியில் உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள், கண் நகர்வதை ஒருபோதும் காணமாட்டீர்கள். தாவும் அந்தச் சிறு பொழுதில் மூளை பார்வையை ஏறக்குறையத் திரையிட்டு விடுகிறது.

அப்படியாயின் அடுத்துத் தாவ வேண்டிய இடத்தை யார் சொல்கிறார்கள்? படிக்கும்போது நம் சித்தம் சொல்கிறது. ஆனால் அதையும் மீறி உத்தரவிடும் அதிகாரம் கடைக்கண்ணுக்கு உண்டு. கடைக்கண் நிறத்திலும் நுட்பத்திலும் குருடு. அனக்கத்தை உணர்வதில் மட்டும் மகா சமர்த்து. அணைக்கரையில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓரத்தில் ஒரு நீர்க்காகம் முங்குகிறது. என்னவென்று தெரியுமுன்பே கண் அங்கே போய்விடுகிறது. காட்டில் வாழ்ந்த நம் மூதாதையருக்கு, புதரில் அசைந்தது புலியா காற்றா என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அவகாசம் இருந்திராது. இந்த வழக்கம் நம்மைவிட மிகப் பழைய பிராணிகளிடமும் இருக்கிறது. 1959-இல் லெட்வினும் அவருடைய நண்பர்களும் தவளையின் கண் நரம்பில் மின்துடிப்பை அளந்து, அதில் ஒருவகை இழை சிறிய கரும்பொருள் அசைந்து வரும்போது மட்டுமே விழித்தெழுவதைக் கண்டார்கள். வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கும் தவளையைச் சுற்றிலும் செத்த ஈக்களைக் குவித்தாலும் அது பட்டினி கிடக்கும். அசையாத ஈ அதற்கு ஈயே அன்று. மனிதரைப் பொறுத்தவரை, தேடும் பொருளோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாவிடினும், திடீரென்று தோன்றும் பொருள் கவனத்தைப் பறித்துக்கொள்கிறதென்று 1984-இல் யாண்டிஸும் ஜோனிடஸும் பரிசோதனையில் காட்டினார்கள்.

ஆக, அனங்கினால் கண் வரும் என்பது சரி. 'நிக்கும்' என்று அவன் சொன்னதுதான் பிழை. ஏனென்பதற்குப் பேச்சிப்பாறை அணையே உவமை. 48 அடி நீர்மட்டமுள்ள இவ்வணையிலிருந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்போகங்களுக்கும் கால்வாய்களில் தண்ணீர் திறப்பார்கள். எந்தச் சானலுக்கு எத்தனை நாள் என்று முறை உண்டு. முறையைப் பாராது எல்லா மதகையும் ஒரே வேளையில் திறந்தால், தலைமடையில் வெள்ளமும் கடைமடையில் வறட்சியுமாய் முடியும். வாசகரின் கவனமும் ஓர் அணைதான். பட்டாம்பூச்சி ஒரு தாவலை எடுத்துக்கொள்கிறது. திரும்பி வர இன்னொரு தாவல். விட்ட வரியைத் தேட மேலும் இரண்டு. விளக்கும் தொலைபேசியும் ஐந்து 'புதியது'களும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின், மங்குஸ்தானின் விலையாகிய கடைமடைக்கு ஒரு சொட்டும் வந்து சேர்வதில்லை.

இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏமாற்றினால் கண்ணும் பாடம் கற்றுக்கொள்கிறது. அருவிக்கரையில் குடியிருப்பவனுக்கு அருவியின் ஓசை கேட்பதில்லை. 1998-இல் பென்வேயும் லேனும் வலைப்பக்கங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள்: தேடச் சொன்ன செய்தியையே பெரிய, பளிச்சென்ற பட்டையாகப் பக்கத்தின் மேலே வைத்தார்கள். பலர் அதைக் காணவேயில்லை. பளபளப்பது விளம்பரம், விளம்பரம் பார்க்கத் தக்கதன்று என்று அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. இதற்கு 'பட்டைக் குருடு' என்று பெயரிடலாம். மின்னும் 'புதியது' என்னும் சொல், ஆக, முதல் நாள் கவனத்தைக் கெடுக்கிறது. மறுநாள் முதல் யாரும் அதைக் காண்பதுமில்லை. நம் நாட்டுத் தளங்களில் மூன்றாண்டுப் பழமையான அறிவிப்பின் பக்கத்தில்கூட அது மின்னிக்கொண்டிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

தொல்லையோடு நின்றால் ரசனைக் குறைவென்று விட்டுவிடலாம். சிலருக்கு இது தேகபாதை. 1997 டிசம்பர் 16-ஆம் தேதி ஜப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறையளவில் மாறி மாறி மின்ன, பார்த்துக்கொண்டிருந்த சுமார் எழுநூறு குழந்தைகள் வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மின்னலின் வேகத்துக்கேற்ப மூளையின் பார்வைப் பகுதியில் அணுக்கள் கூட்டமாகத் தாளம் போடத் தொடங்கி, சிலருக்கு அத்தாளம் கட்டுமீறிப் பரவிவிடுவதே காரணம். வலை நெறிகளை வகுக்கும் உலகக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில், எதுவும் ஒரு விநாடிக்குள் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடலாகாது என்றும், தானாகவே தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் நீடிக்கும் அசைவை நிறுத்த வாசகருக்கு வழி வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நம் தேசியத் தகவலியல் மையம் அரசுத் தளங்களுக்கென்று 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் அந்த உலக நெறிகளைத் தழுவியவை. வேறு சிலருக்கு, திரை முழுவதும் வழுக்கி நகரும் காட்சியைப் பார்த்தாலே தலை சுற்றும். கோதையாறு மலைப்பாதையில் பேருந்திலிருந்து படித்தால் குமட்டுவதற்கு, உட்காது 'நகர்கிறோம்' என்றும் கண் 'நகரவில்லை' என்றும் வழக்காடுவதே காரணம். திரையின் முன்னே அதே வழக்கு வாதி பிரதிவாதி மாறி நடக்கிறது. 2013-இல் ஐபோனின் புதிய அசைவுகள் பலருக்குக் குமட்டலை உண்டாக்கியதிலிருந்து இது பரவலாகப் பேசப்பட்டது. இப்போது கைப்பேசியிலேயே 'அசைவைக் குறை' என்று ஒரு விருப்பத்தைக் குறித்துவைக்கலாம். நல்ல வலைப்பக்கம் அதைக் கேட்டறிந்து அடங்கியிருக்கும்.

அப்படியானால் அசைபடமே வேண்டாமென்பதோ? அசைவின் ரசனையை நாஞ்சில் நாட்டார் கணிப்பொறியிலிருந்து கற்க வேண்டியதில்லை; தோல்பாவைக்கூத்து இருக்கிறது. மண்டிகர் என்னும் மராத்தி மொழிக் குடும்பத்தார் நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் அக்கூத்தில், விளக்கொளி பட்ட வெள்ளைத் திரைக்குப் பின்னே ஒரே மனிதர் ராமாயணப் பாத்திரங்கள் அத்தனைக்கும் குரல் கொடுக்கிறார். திரையில் நான்கைந்து பாவைகள் நிற்க, எது பேசுகிறதென்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? பேசும் பாவையின் கை அனங்கும். மற்றவை அசையாது நிற்கும். ராவணன் பேசி முடித்ததும் அவன் கை தாழ்ந்து அடங்க, அநுமன் கை எழும். திரையிலுள்ள பாவைகளெல்லாம் ஒருங்கே ஆடினால் சபைக்குக் கதையே விளங்காது. ஒரு வேளையில் ஓர் அசைவு, அதுவும் பேசுவதற்கு மட்டும், பேசி முடிந்ததும் அடக்கம்: இதைவிட நல்ல பாடத்தை எந்த வடிவமைப்புப் பள்ளியும் கற்பித்துவிடாது. அசையும் விதத்திலும் பக்குவம் உண்டு. அணையின் மறுகரைக் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் போகும் படகு, கரையை விட்டு மெல்லப் புறப்பட்டு, நடுவில் வேகம் கொண்டு, கரை சேர்கையில் தளர்ந்து நிற்கிறது; எடையுள்ள பொருள் எதுவும் அப்படித்தான் போகும். டிஸ்னியின் சித்திரக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள். சொடுக்கென்று கிளம்பிச் சொடுக்கென்று நிற்கும் அசைபடம் கண்ணுக்குப் பொய்யாகப் படுவது இதனால்தான்.

மருமகனோடு இரண்டு மாலைப் பொழுது உட்கார்ந்தேன். அருவி அசையாத புகைப்படமாயிற்று. பட்டாம்பூச்சியும் தொலைபேசியும் போயின. விளக்கை அவன் சற்று வருத்தத்தோடு எடுத்தான். விலைப்பட்டியல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு நின்றது. பின்பு, அசைவே செய்தியாக இருக்கும் காரியம் அவர்கள் தொழிலில் என்ன உண்டென்று யோசித்தோம். ரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டுவது நினைவுக்கு வந்தது. பட்டையில் எந்த அளவுக்குக் கீறுவது, கீறிய பட்டையை எந்தப் பக்கமாகத் தூக்குவது, நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டை அதனடியில் எப்படிச் செருகுவது, பிளாஸ்டிக் நாடாவை எந்தத் திசையில் சுற்றுவது என்று நான்கு புகைப்படங்களில் காட்டினால், நடுவிலுள்ள கைவேலையை வாசகன் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அசைபடத்தில் கத்தி போகும் வழியே பாடம். தங்கையின் கைகளையே படமெடுத்தான். இரண்டு முறை ஓடிவிட்டு, கட்டுப் போட்ட கன்றில் வந்து படம் நின்றுவிடும்படியும், வேண்டுவோர் தொட்டால் மட்டும் மறுபடி ஓடும்படியும் செய்தான். பின்னணியில் வெறும் வெள்ளைத் துணியைக் கட்டியதால் கோப்பும் சிறியதாயிற்று. 'ஷை'யின் பலன்!

'புதியது' என்பதை மட்டும் அவன் முழுதும் விட்டுத்தரவில்லை. மங்குஸ்தானுக்கு ஒன்றே ஒன்று, மூன்று முறை மெல்ல ஒளிர்ந்து அடங்கும்படி வைத்துக்கொண்டான். நானும் அதற்குமேல் வாதாடவில்லை. பக்கத்தைத் தங்கையிடம் காட்டியபோது, அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் கைகள் கீறிச் செருகிக் கட்டி நிற்பதைப் பார்த்தாள். பிறகு விரலால் திரையைத் தொட்டாள். அது மறுபடி ஓடியது. "கட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கணும் மக்களே, நாளைக்கு வேற எடு" என்றாள்.